அம்மா வேஷம்

கார்வெல் கல்லூரியில் அந்த செமினார் தொடங்கிய முதல் வாரத்திலேயே கெசியா லாக்கெட் மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாள். அவளுக்கு வயது பத்தொன்பது.

கறுப்பின மக்கள் எழுதிய நாடகங்களைப் பாதிப் பருவம் வாசிப்பது, மீதிப் பருவத்தில் ஆளுக்கொரு ஓரங்க நாடகம் எழுதுவது. அதுதான் செமினார். நாடகத் துறையில் அதைத் தாண்டாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. கலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் வகுப்பு நடக்கும். நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தலைமாட்டில் டாக்டர் இமோஜீன் ஸ்ட்ரௌடர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் காம்பால் ஒவ்வொருவராகச் சுட்டுவார்.

"நீ மகன். நீ பாதிரியார். லிசெட், நீ அந்தப் பொண்ணு. கெசியா, நீ அம்மா."

எந்த நாடகத்தை எடுத்தாலும் அதில் ஓர் அம்மா இருந்தாள். அடுப்படியில் நின்றாள். ஊதாரி மகனைக் கன்னத்தில் அறைந்தாள். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் நியாயம் கேட்டாள். கடைசிக் காட்சியில் எல்லோரும் வீட்டை விட்டுப் போன பிறகு ஒற்றை ஆளாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வசனங்களைக் கெசியா வாசிக்க ஆரம்பித்தால் மேஜையைச் சுற்றி இருமல் சத்தம்கூட நின்றுவிடும். தேவாலயப் பாடகர் குழுவில் சிறுவயதிலிருந்து கீழ்ஸ்தாயியில் பாடி முற்றிய குரல் அது. ஆளும் வாட்டசாட்டம். நல்ல உயரம், அகன்ற தோள், கன்னங்கரேலென்ற நிறம். மேடையில் அவள் வந்து நின்றாலே ஒரு வீடு வந்து நின்ற மாதிரி இருக்கும் என்று டாக்டர் ஸ்ட்ரௌடர் ஒருமுறை சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வாசிப்போடு போகவில்லை. துறை மேடையேற்றும் நாடகங்களிலும் அவள்தான் அம்மா. அதற்கென்றே ஒப்பனை அறையில் ஒரு நரைத்த டோப்பா இருந்தது. பழைய பவுடர் வாடை அடிக்கும். போதாததற்கு இடுப்பில் கட்ட ஒரு பஞ்சுத் திண்டு. அதை முதன்முதலில் கட்டிவிட்ட நாளில் கெசியா கேட்டாள், "எனக்கு எதுக்கு மேடம் இது? நானே இருக்கேனே."

"வயசு தெரியணும் கண்ணு. உனக்கு உடம்பு இருக்கு, வயசு இல்ல," என்றார் டாக்டர் ஸ்ட்ரௌடர்.

மேடையில் ஒட்டிக்கொண்டது மேடைக்கு வெளியேயும் உரிபடவில்லை. சக மாணவர்கள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "பெரியம்மா, தலை வலிக்குது, மாத்திரை வச்சிருக்கியா?" "பெரியம்மா, எங்கப்பாகிட்ட போன்ல எப்படிச் சொல்றது?" அவளும் மாத்திரை வைத்திருந்தாள். அதுதான் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கெளுத்தி மீன் வறுவல் போடுவார்கள். தட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்காருவான் ஓரின் டேட். செமினாரில் மகன், காதலன், ஓடிப்போகிறவன் எல்லாம் அவன்தான். ஒல்லியாக, சிரித்த முகமாக இருப்பான். அவன் தூரத்தில் வரும்போதே கெசியா வாயைத் துடைத்துக்கொள்வாள்.

"பெரியம்மா, லிசெட் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேங்கிறா. நான் என்ன பண்ணட்டும்?"

"போய்ப் பேசு."

"பேசினா நாக்கு ஒட்டிக்குது. உன்கிட்ட மட்டும் எப்படிப் பேச வருது பாரு!" என்று அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சோள ரொட்டியைக் கடிப்பான். துகள்கள் அவள் சட்டையில் விழும். அவன் எழுந்து போன பிறகுதான் தட்டிவிடுவாள்.

லிசெட் ப்ரூசார்ட் லூசியானாக்காரி. தேன் நிறம். இடுப்பைக் கையால் பிடித்துவிடலாம். செவப்பி என்று பையன்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் உள்ளே விடாத காலத்தில் கறுப்பர்கள் சேர்ந்து கட்டிய கல்லூரி அது. நிறத்தைப் பற்றி அங்கே மேடைப்பேச்சு ஏராளம் நடந்தது. ஆனாலும் எந்த நாடகத்திலும் பார்த்தவுடன் காதலிக்கப்படும் பெண் லிசெட்டாகவே இருந்தாள். அதில் விசித்திரம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

பாதிப் பருவம் முடிந்து எழுத வேண்டிய முறை வந்தபோது, கெசியா எதை எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. அது ஏற்கெனவே உள்ளே முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. ஊரில் பள்ளியின் கடைசி வருஷம், கூடைப்பந்து மைதானத்தில் வண்ணக் காகிதம் கட்டி நடந்த நடன விழா. யாரும் கூப்பிடவில்லை என்று மற்றப் பெண்களோடு சுவரோரம் நிற்காமல், அவளே நடந்து போய் ஒரு பையனைக் கேட்டாள். அவன் கெட்டவன் இல்லை. மரியாதையாகவே சொன்னான், "கோவிச்சுக்காதே, உன்னைப் பார்த்தா எனக்கு எங்கம்மா ஞாபகம் வருது." சொல்லிவிட்டுப் பழச்சாறு வாங்கிக் கொடுத்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஓபல் என்று பெயர் வைத்து எழுதினாள். இரண்டே முக்கியப் பாத்திரங்கள். கடைசியில் மகளைக் கூட்டிப்போக ஓபலின் அம்மா வந்து வாசலில் நிற்பாள். அவளுக்கு நாலு வரி. "போலாமா? செருப்பு எங்கே? ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? சரி வா." அவ்வளவுதான்.

டாக்டர் ஸ்ட்ரௌடர் அதை வகுப்பில் வாசிக்க எடுத்த அன்று கெசியா தன் பிரதியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் காம்பு சுற்றி வந்தது.

"ஓரின், நீ அந்தப் பையன். லிசெட், ஓபல். கெசியா, அம்மா."

கெசியா வாயைத் திறந்தாள். தன் நாடகத்தில் ஓபல் யார் என்பதைத் தானே எழுந்து சொல்ல வேண்டும் என்றிருந்தது. 'பருமனான பெண், கறுப்பு' என்று பாத்திரக் குறிப்பில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போது அதைச் சொல்வதென்றால், இத்தனை பேர் முன்னால் தன்னையே காட்டிச் சொல்வது போல. வாயை மூடிக்கொண்டாள்.

வாசித்தார்கள். லிசெட் கேட்டாள், ஓரின் பதில் சொன்னான்: "உன்னைப் பார்த்தா எனக்கு எங்கம்மா ஞாபகம் வருது." மேஜை முழுக்க ஒரே சிரிப்பு.

"டேய், உங்கம்மா அவ்வளவு அழகாடா?" என்றான் ஒருவன்.

"லிசெட் வந்து கேட்டா எவன் மாட்டேங்கிறான்? நம்பற மாதிரியா இருக்கு?" என்றாள் இன்னொருத்தி.

டாக்டர் ஸ்ட்ரௌடரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். "கெசியா, ஜனங்க பேசறதை அப்படியே காதுல பிடிச்சு எழுத உனக்கு வருது. அருமை. ஆனா இங்க நாடகம் நிக்கல. அவன் மறுக்கறதுக்குக் காரணம் இல்ல. தடை வெளியிலிருந்து வரணும். அந்த அம்மா! அவ ஏன் நாலே வரில போறா? அவ உள்ள வந்து, எல்லார் முன்னாலயும் மகளை இழுத்துட்டுப் போனா? அந்த அம்மாவுக்கு ஒரு வாழ்க்கை இருக்குமில்ல, ஒரு பயம் இருக்குமில்ல?"

"ஆமா ஆமா, பெரியம்மா ஒரு போடு போட்டா அரங்கமே அதிரும்!"

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாம் நல்லெண்ணத்தில் சொன்ன யோசனைகள். அதனாலேயே எதையும் தட்டிவிட முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாரமும் பையன் ஓபலோடு ஆட இன்னும் கொஞ்சம் ஆசைப்பட்டான். அம்மா இன்னும் கொஞ்சம் கத்தினாள். கடைசியில் அது ஓர் அழகான பெண்ணையும் அவளை ஆடவிடாத கண்டிப்பான தாயையும் பற்றிய நாடகமாகியிருந்தது. கெசியா எழுதிய நாலு வரி முழுநீளக் காட்சியாக வளர்ந்து நாடகத்தையே விழுங்கிவிட்டது. அந்தக் காட்சியை அவளே எழுதினாள், அவளே மனப்பாடம் செய்தாள்.

"இதைக் கல்லூரி நிறுவனர் நாள் விழாவுல போடறோம்," என்றார் டாக்டர் ஸ்ட்ரௌடர். வகுப்பு கை தட்டியது.

ஒத்திகை தொடங்கி ஒரு வாரம் போனதும் கெசியா அவர் அறைக்குப் போனாள்.

"மேடம், ஓபலா நான் நடிக்கட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கேலி இல்லை, உண்மையான குழப்பம்தான். "அப்ப அம்மா யாரு?"

துறையின் உதவித்தொகையில்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள். கொடுக்கும் வேஷத்தைக் கட்டுவேன் என்பது அதில் நிபந்தனை. மாடிப்படி இறங்கும்போது, வீட்டுக்குப் போன் பேசி நாடகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். கூண்டுத் தொலைபேசியில் காசைப் போட்டதும் அம்மா ரூத்தெல் பேசவே விடவில்லை.

"கெசியா! ஆலையில லீவு சொல்லிட்டேன். சபைலேர்ந்து வேன் ஒண்ணு பேசியிருக்கு. சிஸ்டர் பியர்ல் புதுத் தொப்பி வாங்கிட்டா. எம்மக எழுதின நாடகம்னு பாதிரியார் பிரசங்கத்துலயே அறிவிச்சாருடி!"

"சரிங்கம்மா," என்றாள் கெசியா. ரூத்தெல் கோழி ஆலையில் நாளெல்லாம் நின்று கோழி வெட்டுகிறவள். அவள் லீவு கேட்டுக் கெசியா கண்டதில்லை.

நிறுவனர் நாளுக்கு முந்தின நாள் கெசியா ஒப்பனை அறையில் டோப்பாவுக்குப் பவுடர் தட்டிக்கொண்டிருந்தபோது லிசெட் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். இருவரும் அதுவரை வேஷத்துக்கு வெளியே அதிகம் பேசிக்கொண்டதில்லை. கெசியாவுக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்காததற்கு லிசெட் எதுவும் செய்திருக்கவும் இல்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். முதல்ல நீ எழுதினியே, அந்தப் பையன் மாட்டேன்னு சொல்றது. அது நிஜமா நடந்ததா?"

கெசியா டோப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நடந்திருக்கு," என்று தானே சொல்லிக்கொண்டாள் லிசெட். "நான் வாசிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நீ மட்டும் சிரிக்கல. அப்பவே தோணுச்சு. இங்க பாரு, எனக்கு இந்த ஓபல் வேஷம் வேண்டாம்."

"உனக்கென்னடி குறை? எல்லா நாடகத்துலயும் ராணி நீதான்."

"ராணியா? இந்த வருஷத்துல நான் எத்தனை தடவ செத்தேன் தெரியுமா? ஒண்ணு எவனாவது கெடுத்துடறான், இல்ல விஷம் குடிக்கறேன், இல்ல இருமி இருமிச் சாகறேன். நடுவுல அழகா நிக்கறேன். வாய் திறந்து ஒரு முழு வசனம் பேசினேனா? நீ அந்த அம்மாவா நின்னு கத்தும்போது, பக்கவாட்டுல நின்னு நானும் வாயை அசைச்சுக்கிட்டே இருப்பேன். முழுசும் மனப்பாடம் எனக்கு." குரலைத் தாழ்த்தினாள். "மாத்திக்கலாமா?"

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காம."

கெசியா சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அப்படின்னா பழைய வசனம்தான். அவன் மாட்டேன்னு சொல்லணும்."

"ஓரின்கிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் மேடைக்குப் போகச் சற்று முன்புதான் ஓரினுக்குத் தெரிந்தது. "டாக்டர் ஸ்ட்ரௌடர் என் தோலை உரிச்சுடுவாங்க. பெரியம்மா, நீயாவது இவளுக்குப் புத்தி சொல்லேன்!"

"பெரியம்மா இன்னைக்கு லீவு," என்றாள் கெசியா. அதற்குள் மணி அடித்துவிட்டது.

லிசெட்டுக்குத் தைத்த மஞ்சள் பாவாடை கெசியாவின் முழங்கைக்குக்கூடப் போதாது. தேவாலயத்துக்குப் போடும் தன் நீல உடுப்பிலேயே மேடைக்குப் போனாள். அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கல்லூரித் தலைவரும் மனைவியும். நடுவில் சபைப் பெண்களின் பூ வைத்த, வலை வைத்த, இறகு வைத்த தொப்பிகள் வரிசை வரிசையாக. அதில் எங்கோ ரூத்தெல்.

காகிதத் தோரணத்துக்குக் கீழே ஒலிநாடாவில் நடனப் பாட்டு ஓடியது. ஓபலாகக் கெசியா சுவரோரம் வந்து நின்றாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. கைகளை எங்கே வைப்பது? இத்தனை நாள் அம்மாக்களுக்கு அது தெரிந்திருந்தது. இடுப்பில், ஏப்ரனில், மகன் தலையில். காத்திருக்கும் ஒரு பெண்ணின் கைகள் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் வசனம் வந்தது. மெல்லச் சொல்ல நினைத்தாள். குரல் தானாக இறங்கி, பாதிரியார் மனைவி கூட்டத்தைத் தொடங்கி வைப்பது போல் அரங்கின் கடைசிவரை போனது. யாரோ சிரித்தார்கள். தன் கை இடுப்புக்கு ஏறியிருப்பதைப் பார்த்து அவசரமாக இறக்கினாள்.

நடந்து போய் ஓரின் முன்னால் நின்றாள். "என்னோட ஆடறியா?"

ஓரின் பேசவில்லை. திருத்திய வசனப்படி அவன் 'எப்பக் கேப்பேன்னு காத்திருந்தேன்' என்று சொல்லிக் கை நீட்ட வேண்டும். பழைய வசனப்படி மறுக்க வேண்டும். இரண்டும் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டன. அவளையே பார்த்தான். சாப்பாட்டுக் கூடத்தில் பார்க்கும் பார்வை இல்லை அது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தொப்பி வரிசையிலிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள், "ஆடு மகனே! பொண்ணு வாய்விட்டுக் கேக்குதில்ல!"

"ஆமா, ஆடு!" என்று இன்னும் நாலு குரல். அரங்கமே கலகலத்தது. கெசியாவுக்குத் தெரிந்தது, இப்போது அவன் கை நீட்டினால் கூட்டம் குதூகலிக்கும். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'சரி' லிசெட்டுக்காக எழுதியது. அதை வாங்கிக்கொண்டால் உள்ளே இருக்கும் முள் அங்கேயே இருந்துவிடும்.

"சொல்லு," என்றாள் உதடு அசையாமல்.

அவன் சொன்னான். வசனமாகச் சொல்லவில்லை, குற்றம் செய்தவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கோவிச்சுக்காதே. உன்னைப் பார்த்தா எனக்கு எங்கம்மா ஞாபகம் வருது."

சிரிப்பு அப்படியே அடங்கியது. கெசியா எழுதியிருந்தபடி ஓபல் இங்கே திரும்பி ஓட வேண்டும். கால் நகரவில்லை. எழுதாத ஒன்று வாயில் வந்தது.

"உங்கம்மாவும் ஒரு நாள் பத்தொம்பது வயசா இருந்திருப்பாங்கல்ல? அப்ப யாரோட ஆடினாங்க?"

ஓரின் நிமிர்ந்தான். "தெரியாது," என்றான். "கேட்டதில்ல."

தொப்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு நீண்ட "ம்ம்ம்" எழுந்தது. பிரசங்கம் சரியான இடத்தில் தொட்டால் எழும் சத்தம் அது.

அந்த நிமிஷத்தோடு திரை விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழவில்லை. நரைத்த டோப்பாவும் பஞ்சுத் திண்டுமாக லிசெட் வாசலில் வந்து நின்றாள். திண்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "ஓபல்!" என்று அவள் கத்திய கத்தல் கீச்சென்று உடைந்தது. தலையை உதறியபோது டோப்பா நெற்றிக்கு இறங்கியது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. லிசெட் விடவில்லை, டோப்பாவை ஒரு கையால் பிடித்தபடி, மனப்பாடம் செய்த அத்தனை வரியையும் கடைசிவரை கத்தித் தீர்த்தாள். நடந்ததற்கும் அவள் பேசியதற்கும் ஒட்டே இல்லை. ஒரு வழியாகத் திரை விழுந்தது. கைத்தட்டல் மரியாதைக்கு வந்தது. கல்லூரித் தலைவரின் மனைவி நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

மேடைக்குப் பின்னால் டாக்டர் ஸ்ட்ரௌடர் குரலை உயர்த்தவே இல்லை. லிசெட்டையும் ஓரினையும் வெளியே அனுப்பிவிட்டுக் கெசியாவிடம் சொன்னார்.

"அந்தக் கேள்வி, அவங்கம்மா யாரோட ஆடினாங்கன்னு. அதை நீ எழுதியிருந்தா நான் ஒரு வரிகூட மாத்தச் சொல்லியிருக்கமாட்டேன்."

"ஓபலை நீங்க லிசெட்டுக்குக் கொடுத்தீங்களே மேடம்."

"கொடுத்தேன். தப்புதான்னு வச்சுக்கோ. ஆனா இதையும் கேட்டுக்கோ. நீ ஓபலா நடிச்சது நல்லா இல்ல. நின்னதும் நடந்ததும் நாப்பத்தஞ்சு வயசு. சின்னப் பொண்ணா நடிக்க உனக்கு வரல கெசியா."

திட்டியிருந்தால் கெசியா தாங்கியிருப்பாள். இது உண்மையாக இருந்தது. மேடையில் அவளுக்கே தெரிந்த உண்மை. பத்தொன்பது வயதில், பத்தொன்பது வயதுப் பெண்ணாக நடிக்கத் தெரியவில்லை.

"எப்படி மேடம் வரும்?" என்றாள். "ஒரு நாளாவது பழக விட்டீங்களா?"

டாக்டர் ஸ்ட்ரௌடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ சொல்ல வந்தார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

சபை வேன் வாகன நிறுத்தத்தில் நின்றிருந்தது. சிஸ்டர் பியர்ல் உள்ளே உட்கார்ந்து தட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரூத்தெல் மகளைத் தள்ளி அழைத்துப்போனாள்.

"அந்தச் செவத்த பொண்ணு கத்தினாளே, அது நானா?"

"இல்லங்கம்மா. அது… அப்புறம் மாறிப்போச்சு."

"நான் அப்படிக் கத்தறதில்ல."

"இல்லங்கம்மா."

ரூத்தெல் மகளின் நீல உடுப்பின் கழுத்தைச் சரிசெய்தாள். "பள்ளிக்கூட நடனத்தன்னிக்கு ராத்திரி உன்னைக் கூட்டிட்டு வர்றப்ப முகம் ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்ன."

கெசியா தலையை ஆட்டினாள்.

"அந்த வாத்தியாரம்மா வந்து பேசினாங்க. அடுத்த நாடகத்துலயும் நீ அம்மாதானாம். உனக்கு இஷ்டமில்லன்னு முகத்துலயே தெரியுதுன்னாங்க."

"உதவித்தொகையை விட்டுடலாம்னு பார்க்கறேன்மா. வேற வேலை பார்த்துக்கிட்டே படிக்கறேன். இல்லாட்டி ஊருக்கு வந்துடறேன்."

"ஊருக்கு வந்து? என் பக்கத்துல நின்னு கோழி வெட்டப் போறியா?" ரூத்தெலின் குரல் கடுத்தது, உடனே தணிந்தது. "அம்மாவா நடிச்சா நீ என்னடி குறைஞ்சு போவே? நான் அதைத்தான் நிஜத்துல செஞ்சுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒருத்தரும் கை தட்டினதில்ல."

அம்மா சொன்னதில் தப்பில்லை. மேடம் சொன்னதிலும் தப்பில்லை. எல்லோரும் சரியாகவே பேசினார்கள். பேசப் பேச அவள் நிற்க இருந்த இடம் குறுகிக்கொண்டே வந்தது. வேன் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓரின் தட்டோடு வந்தான். தோளில் சாயவில்லை. எதிரில் உட்கார்ந்தான்.

"எங்கம்மாவுக்குப் போன் போட்டேன்," என்றான். "யாரோட ஆடினேன்னு கேட்டேன். பத்து நிமிஷம் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு பேரு சொன்னாங்க. அது எங்கப்பா பேரு இல்ல."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு, "கெசியா, அன்னைக்கு நான் சொன்னது…" என்று ஆரம்பித்தான். அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல்முறை.

"வசனம்தானே. சாப்பிடு," என்றாள். அவன் தன் பெயரைச் சொன்னது, அவள் நினைத்திருந்த அளவுக்கு அவள் மனசைக் குளிர்விக்கவில்லை. அவன் கண்கள் நடுநடுவே வாசல் பக்கம் போய் லிசெட்டைத் தேடிக்கொண்டுதான் இருந்தன.

செமினாரில் அவளுக்கு நடுத்தர மதிப்பெண் விழுந்தது. எழுத்துக்கு நல்ல மதிப்பெண், ஒழுங்குக்குக் குறைவு. வசந்தகால நாடகத்துக்கு அழைப்பு வந்தபோது கெசியா சம்மதம் சொன்னாள். சொல்வதற்கு முன் டாக்டர் ஸ்ட்ரௌடரிடம் ஒன்று கேட்டாள்.

"நடிக்கறேன் மேடம். ஆனா எனக்கு வராததைச் சொல்லித் தருவீங்களா?"

"எனக்குத் தெரியாது கெசியா," என்றார் அவர். "நான் முதல் அம்மா வேஷம் கட்டினப்ப எனக்கு இருபத்தோரு வயசு. அதுக்கப்புறம் வேற எதுவும் கட்டினதில்ல." சொல்லிவிட்டு மேஜையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த தாள்கள்தான் அவை.

அதன்பிறகு, வகுப்பு இல்லாத மதியங்களில் கெசியாவும் லிசெட்டும் அந்தக் கீழ்த்தள அறைக்குப் போய் மேஜையைச் சுவரோரம் தள்ளிவைத்துப் பழகினார்கள். இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது.

"சும்மா நில்லுடி. யாராவது பார்க்கட்டும்னு நில்லு," என்பாள் லிசெட்.

"யாரும் பார்க்கமாட்டாங்கன்னுதானே எனக்குத் தெரியும். அதை எப்படி நிக்கறது?"

"அப்ப அதையே நில்லு."

"நீ முதல்ல அடிவயித்துலேர்ந்து கத்தக் கத்துக்கோ. எலி மாதிரி கீச்சுன்னு!"

சண்டையில் முடியாத நாள் இல்லை. ஒரு நாள் லிசெட்டின் குரல் உடையாமல் ஒரு முழு வரி வந்தது. இன்னொரு நாள் கெசியா தன்னை மறந்து, கைகளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். "அப்படியே இரு, அசையாதே," என்று லிசெட் சொன்னதும் அது கலைந்துவிட்டது.

ஒத்திகை நேரமானதும் மேஜையைப் பழைய இடத்துக்கு இழுத்துப்போட்டுவிட்டு மேலே போனார்கள். அந்த வசந்தகால நாடகத்திலும் லிசெட்தான் மகள், கெசியாதான் தாய்.